பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

என் இளைய மகனின் கல்யாணத்துக்கு நானூற்று ஐம்பது பத்திரிகை அடித்தோம். நானூற்று ஐம்பதிலும் என் பெயருக்குப் பின்னால் ஒரு பொய் இருந்தது. பி.ஏ. என்று இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பதினெட்டுத் தாளில் பதினேழு தேறியிருந்தேன். மிச்சம் ஒன்று, ஐரோப்பிய வரலாறு. அதை நான்கு முறை எழுதி நான்கு முறையும் கோட்டை விட்டேன். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்து நான்கு, முப்பத்து மூன்று. தேற நாற்பது வேண்டும். அஞ்சல் வழியில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பது விதி. நடுவில் கண்புரை அறுவைக்காக ஒரு பரீட்சையை விட்டுவிட்டேன். ஆகவே இந்த ஐந்தாவது முறைதான் கடைசி. இதிலும் போனால் பதிவு ரத்தாகும், தேறிய பதினேழும் சேர்ந்தே போகும்.

எனக்கு வயது அறுபத்தேழு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றுமில்லாமல் மாடிப்படி இருபத்திரண்டு, ஜன்னல் கம்பி எழுபத்தாறு என்று வீட்டையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தரையில டைல்ஸு எத்தினின்னு எண்ணியாச்சா?" என்று ஒரு நாள் மனைவி கேட்டாள்.

"ஹாலில் நூற்று நாற்பத்து நான்கு. சமையலறையில் நீ நின்றுகொண்டே இருப்பதால் இன்னும் முடியவில்லை" என்றேன்.

"இத்தோட பேஜாரா போச்சு. எங்கனா படிக்கப் போங்க" என்றாள். அப்படித்தான் நான் கல்லூரி மாணவன் ஆனேன்.

பத்திரிகைக்கு வருகிறேன். அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. பையன் பெயருக்குப் பின்னால் பி.இ. பெண்ணுக்கு எம்.எஸ்சி. பெண்ணின் அப்பா திருநின்றவூரில் இருக்கிறார், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். அவர் பெயருக்கு எம்.ஏ., பி.எட். என்று இரண்டு. என் பெயர் மட்டும் முற்றுப்புள்ளியோடு முடிந்து, சட்டை போடாமல் குடும்பப் படத்தில் நிற்பவன் மாதிரி இருந்தது. அந்தத் தாளை நான் ஒன்பது முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. பத்தாவது முறை சிவப்புப் பேனாவை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று எழுதி, அச்சடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஸ்டோர்ஸில் ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அட்டை தொங்கும். பின் கார்டு என்போம். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, இருப்பு எவ்வளவு என்று மூன்று கட்டம். படிப்புக்கும் நான் அதையே வைத்துக்கொண்டேன். பதினான்கு பாடத்துக்குப் பதினான்கு அட்டை. மொத்தப் பக்கம், படித்த பக்கம், மீதி. புத்தகம் முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அதை மூன்று முறை படிப்பது என்று திட்டம் போட்டு, விடிவதற்கு வெகு முன்னால் மூன்றரைக்கு எழுந்து, நாளுக்குப் பதினோரு டீ குடித்து, நாலு மணி நேரம் பத்து நிமிடம் மட்டும் தூங்கி, திட்டத்தை முடித்திருந்தேன். பரீட்சைக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கும்போதே பதினான்கு அட்டையிலும் மீதி பூஜ்யம். கணக்கு இப்படி நேராக வந்த பிறகு பி.ஏ. போட்டுக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் பொன்னேரியில் எங்களுக்கு நேரடி வகுப்பு உண்டு. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் நடுவில் கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. என் கைக்கடிகாரப்படி பதினேழு நிமிடம். வகுப்பில் முப்பத்தாறு பேர். முப்பத்தைந்து பேருக்கு நான் தாத்தா. அதில் வாய்விட்டுத் தாத்தா என்று கூப்பிட்டவள் ஒருத்திதான். பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து வருகிற பெண், வயது இருபத்து நான்கு. தொழிற்பேட்டையில் கார் ஒயர் பின்னும் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் ராத்திரி. அப்படியும் அவள் கண்ணில் தூக்கம் நான் பார்த்ததில்லை. என் கண்ணிலோ வேறெதுவும் இல்லை. அன்றைக்கு வகுப்பில் நான் இரண்டு முறை தூங்கி விழுந்ததாகவும், ஒரு முறை குறட்டை விட்டதாகவும் அவள்தான் சொன்னாள்.

வகுப்பு முடிந்து பொன்னேரி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எனக்கு ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். பெருமை தாங்காமல் என் பையைத் திறந்து பதினான்கு அட்டையையும் காட்டினேன்.

"இன்னா தாத்தா இது, ரேஷன் கார்டா?"

விளக்கிச் சொன்னேன். பக்கம், மீதி, பூஜ்யம். மூன்று முறை படித்து முடித்த கதை. அவள் ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்குது. சரி, புக்க மூடுங்க. எட்டாவது பாடத்துல இன்னா வருது?"

"எட்டாவது பாடம் இருபத்திரண்டு பக்கம். படம் மூன்று. வரைபடம் ஒன்று. நூற்றைம்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு அச்சுப் பிழை" என்றேன்.

"அத்த வுடுங்க. பாடத்துல இன்னா சொல்லிக்கிறாங்க?"

நான் வாயைத் திறந்தேன். தலைப்பு பிரெஞ்சுப் புரட்சி என்று தெரியும். தலைப்புக்குக் கீழே பத்தி எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த வரியில் என் பென்சில் கோடு இருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குள் நின்றது. அந்த வரி என்ன சொல்கிறது என்பது மட்டும் வரவில்லை.

"ஒரு ராஜா இருந்தான்" என்றேன்.

"ம்."

"மக்கள் கஷ்டப்பட்டார்கள்."

"எல்லா ஊர்லயும் அதான் தாத்தா. அப்புறம்?"

அப்புறம் ரயில் வந்தது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் தாமதமான ரயிலை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்ததும் அவள் ஜன்னல் பக்கம் வந்து ஒன்று சொன்னாள். "தாத்தா, எங்க கம்பெனில ஸ்டோர்ஸுக்குப் போய் ஒரு பொருள் கேட்டா, கார்டுல இருக்குது, உள்ள இல்லன்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி இருக்குது உங்க கதை."

முப்பத்தொரு வருட ஸ்டோர்ஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய வசை கிடையாது. அட்டையில் இருப்பு இருந்து அடுக்கில் சரக்கு இல்லாவிட்டால் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். திருடன் என்ற அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்றுதான் ஒருமுறை நாற்பதாயிரம் வாஷரை மூன்று நாள் உட்கார்ந்து கையால் எண்ணினேன். இப்போது என் தலைக்குள்ளேயே ஸ்டாக் எடுத்துப் பார்த்தால் பதினான்கு அடுக்கும் காலி. கவரைப்பேட்டை வருவதற்குள், பத்திரிகையில் போட்ட அந்த இரண்டு எழுத்து ஞாபகம் வந்து எனக்கு வியர்த்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போனேன். ஞாயிறு என்பதால் மூடியிருந்தது. திங்கள் காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும். எட்டே முக்காலுக்கே போய் நின்றேன். அச்சகக்காரர் பூட்டைத் திறந்துகொண்டே, "இன்னா சார் அவசரம்? உங்களுது சனிக்கெழமயே முடிஞ்சிடுச்சே. உங்க ஊட்டம்மா வந்து வாங்கிக்கினு போயிட்டாங்களே" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது எழுத்துக்கு, ஆயிரத்து நூற்று இருபது அடி நடந்தேன். மனைவி ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து, பத்திரிகைகளின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். ஞாயிறு முழுக்க நான் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து ஆரம்பித்து, நான் திரும்பும் முன் பூஜை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டிருக்கிறாள். முந்நூற்றுக்கு மேல் முடிந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் அந்த இரண்டு எழுத்தை அடித்துவிடலாம், ஒன்றுக்கு நான்கு விநாடி, மொத்தம் அரை மணி நேர வேலை என்றேன்.

மஞ்சள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மஞ்ச தடவின பத்திரிகைல அடிச்சி எழுதுவாங்களா? பொண்ணு ஊட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க? கல்யாணத்துலயே இன்னாவோ கோளாறுன்னு நெனச்சிக்க மாட்டாங்க?"

"பொய்யாக இருக்கிறதே."

"பொய்யின்னு யாரு சொன்னது? இன்னும் பரிச்சையே எழுதல. போய் எழுதிப் பாஸ் பண்ணிடுங்க, மெய்யாயிடும்."

காலண்டரைப் பார்த்தேன். பரீட்சைக்கு இருபத்து நான்கு நாள். கல்யாணத்துக்கு அறுபத்திரண்டு நாள். அட்டைகளை எடுத்து அலமாரியில் பூட்டினேன்.

மறு ஞாயிறு அந்தப் பெண்ணிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஷிஃப்ட்டும் மாறுகிறது, ஓவர்டைமும் இருக்கிறது, எப்படியம்மா படிக்கிறாய் என்று. அவள் பெரிய ரகசியம் எதையும் வைத்திருக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் போக நாற்பது நிமிடம். அதில் பாதி நேரம் படிப்பாள், பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததைப் பக்கத்து சீட்டு அக்காவுக்குக் கதையாகச் சொல்லுவாள். அந்த அக்கா எட்டாவதோடு நின்றவர். அவருக்குப் புரியவில்லை என்றால் தனக்கும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பி வரும்போது மறுபடி அந்த இடத்தைப் படிப்பாள். "அந்த அக்கா ஒரு நாள் லீவு போட்டா எனக்குப் படிப்பே ஓடாது தாத்தா. அவங்களும் அப்படித்தான். நேத்து ராஜா கதைய பாதில வுட்டுட்டு எறங்கிட்டியேன்னு போன் பண்றாங்க."

தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் ஏழு மணி நேரம் என்றாள். ராத்திரி வேலை முடிந்து வந்தால் ஜன்னலில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவாளாம். எழுந்ததும் நாஷ்டா என்கிற காலை டிபன், அது சாயங்காலம் ஐந்து மணியானாலும் நாஷ்டாதான். அவளிடம் இருந்தது ஒரே நோட்டு. கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு துணிப்பை தொங்கும். அதில் கம்பெனி பாஸ், நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். வந்ததும் அடுத்த நாளுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

என்னிடம் பேனாவே ஏழு நிறத்தில் இருந்தது. ஃபைல் பதினொன்று. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் ஹால் டிக்கெட்டைத் தேடினேன். "முக்கியம்" என்று எழுதிய ஃபைலில் வைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. "முக்கியம்" என்று எழுதிய ஃபைல் நான்கு இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து "மற்றவை" என்ற ஃபைலில் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பையைப் பற்றி நான் சொல்லக் கேட்ட மனைவி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கதவில் மாட்டினாள்.

கம்பெனி பஸ்ஸுக்கு நான் எங்கே போவது? பக்கத்து சீட்டுக்கு மனைவிதான். சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் கீரை ஆய உட்காருவாள். நான் இருபது நிமிடம் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி அவளுக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் சொன்னதைக் கேட்டு, "இன்னாங்க, நியூஸ் வாசிக்கறீங்களா?" என்றாள். இரண்டாம் நாள், பாரிஸ் நகரத்துச் சிறைக்கோட்டையை மக்கள் உடைத்த இடத்துக்கு வந்தேன். உள்ளே இருந்த கைதிகள் ஏழு பேர் என்றேன். எண்ணிக்கை என்பதால் அது மட்டும் சுத்தமாக ஞாபகம் இருந்தது.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "எத்தினி பேரு?"

"ஏழு."

"ஏழு பேர வெளிய கொண்டாறவா ஊரே தெரண்டு போச்சு? செத்தவங்க எத்தினி பேரு?"

"நூறு பேர் அளவில்."

"ஏழு பேருக்காக நூறு பேரா? கணக்குத் தெரிஞ்ச மனுசன்தானே நீங்க, உங்களுக்கு ஒதைக்கல? அப்போ வேற எதுக்கோ போயிருக்காங்க. எதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை படித்தும் எனக்கு உதைக்கவில்லை என்பதுதான் அதைவிட மோசம். புத்தகத்தைத் திறந்தேன். நான் பென்சில் கோடு போட்ட வரிக்கு அடுத்த வரியிலேயே இருந்தது. துப்பாக்கி கையில் இருந்தது, மருந்து இல்லை. வெடிமருந்து அந்தக் கோட்டைக்குள் இருந்தது. அதை எடுக்கப் போனார்கள்.

"அதான பாத்தேன்" என்று கீரையை எடுத்துக்கொண்டாள். "சரக்கு ஸ்டோர்ஸுல கீது. சாவி ராஜா கையில. ஸ்டோர்ஸ உடைக்கறாங்க. இத்த சொல்றதுக்கு இருவது நிமிசம் சுத்தறீங்க."

அன்று தொடங்கி இருபத்து நான்கில் மிச்சமிருந்த பதினைந்து நாளும் இப்படித்தான் போயிற்று. அவள் கேள்வி கேட்பாள், நான் விழிப்பேன், புத்தகத்தைத் திறப்பேன். டீ பதினொன்றிலிருந்து மூன்றாகக் குறைந்தது. நானாகக் குறைக்கவில்லை, "வெடிமருந்து என் கையில கீது" என்று அவள் டீத்தூள் டப்பாவை எனக்கு எட்டாத அடுக்கில் வைத்துவிட்டாள். ஒன்பதரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தேன். முதல் நான்கு நாள் ஏழரை மணி நேரம் வீணாகிறதே என்று கவலையாக இருந்தது. ஐந்தாம் நாள், படித்தது மறுநாள் காலையில் தலையிலேயே இருந்ததைப் பார்த்துக் கவலையை விட்டேன். காலையில் தொழிற்பேட்டைச் சாலையில் மூவாயிரம் அடி நடப்பேன். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அதில் ஏதோ ஒன்றில் பக்கத்து சீட்டு அக்கா கதை கேட்டுக்கொண்டு போவார் என்று நினைத்துக்கொள்வேன். தொழிற்சங்கம், தொழிற்புரட்சி, ஜெர்மனி ஒன்றானது எல்லாவற்றையும் மனைவி தன் தங்கைக்குப் போனில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். என்னைவிட நன்றாகவே சொன்னாள்.

பரீட்சை அன்று துணிப்பையை எடுத்துக்கொண்டு போனேன். அறையில் நாற்பத்தெட்டுப் பேர், ஆறு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றவில்லை. அது என் தலைக்கு மேல் இருந்தது. கேள்வித்தாளில் அந்தக் கோட்டை வந்திருந்தது, பத்து மார்க். "ஏழு பேருக்காகவா?" என்ற குரல் காதில் கேட்டது. எழுதினேன். எத்தனை பக்கம் எழுதினேன் என்று எண்ணக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு எழுதினேன். பிறகு எண்ணினேன். பத்தொன்பது. வெளியே வந்ததும் அந்தப் பெண், "இன்னா தாத்தா, ஸ்டாக் இருந்திச்சா?" என்றாள். இருந்தது, ஆனால் எல்லா அடுக்கிலும் இல்லை என்றேன்.

அடுத்த வாரம் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். நேரில் வைக்க வேண்டிய வீடு நூற்று எண்பத்தாறு. அடிக்கத்தான் கூடாது, வாயால் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டி, அவசியம் வரவேண்டும் என்று மனைவி சொல்லி முடித்ததும் நான் ஆரம்பிப்பேன். "இதில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருக்கிறது. அது இன்னும் உறுதியாகவில்லை. ரிசல்ட் வரவேண்டும்."

பத்தாவது வீட்டைத் தாண்டியதும் ஆட்டோவில் மனைவி பல்லைக் கடித்தாள். "பத்திரிக வெக்க வந்தீங்களா, பரிச்சய பத்திப் பேச வந்தீங்களா? மாப்ள பேரே யாருக்கும் மனசுல நிக்கல. ரிசல்ட் எப்போன்னு கேக்கறாங்க."

திருநின்றவூரில் சம்பந்தி வீட்டிலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கேள்வித்தாள் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். சட்டைப் பையில்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் என்னை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினேன் என்று கேட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் மார்க் போட்டார். கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்துக்குள் வரும்" என்றார். நாற்பது அதற்கு நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் போட்ட வடையை என்னால் சாப்பிட முடியவில்லை. என் மனைவி இரண்டாகச் சாப்பிட்டாள்.

நூற்று எண்பத்தாறாவது வீடு, என் பழைய கம்பெனிக்காரர் வீடு. டிஸ்பாட்ச்சில் இருந்தவர். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், தெலுங்கு வழக்கில் எல்லோரையும் நைனா என்பார், அதனால் எங்களுக்கு அவர் பெயரே நைனா. ஸ்டோர்ஸிலிருந்து நான் ஆயிரம் என்று அனுப்பினால் அவர் எண்ணித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்பார். இப்படியே முப்பத்தொரு வருடம் சண்டை போட்டோம். பத்திரிகையைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"இன்னா நைனா, பி.ஏ.வா? எப்போ?"

சொன்னேன்.

"அப்போ சரக்கு வராமயே பில்லு போட்டுட்ட" என்றார். "நாங்க டிஸ்பாட்ச்சுல இத்த ஒத்துக்க மாட்டோம். ரிசல்ட் பேப்பர காட்டு, அப்புறம் பாக்கலாம்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எனக்குத்தான் அது ரிசல்ட் விசாரிக்கும் கூட்டமாக இருந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்ற என்னிடம் அறுபத்து மூன்று பேர் "வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். பெண் வந்துவிட்டாளா என்று கேட்கிறார்கள் என்று நினைத்து முதல் இரண்டு பேருக்கு, "ஆமாம், அலங்காரம் நடக்கிறது" என்றேன்.

ரிசல்ட் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. காலை பதினொரு மணி முதல் போனில் முயன்றேன். முப்பத்து நான்கு முறை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியம் இரண்டே முக்காலுக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள், ஒரே இரைச்சல்.

"தாத்தா, உங்க நம்பர் சொல்லுங்க, எனக்கு ஓபன் ஆயிடுச்சி."

சொன்னேன். பதினோரு இலக்கம். ஒன்பதாவதில் என் குரல் உடைந்தது. மனைவி போனை வாங்கி மிச்சத்தைச் சொன்னாள்.

"இருங்க... தாத்தா, நாப்பத்தி மூணு! பாஸு!"

பஸ்ஸுக்குள் யாரோ "நம்ம ராஜா கதைத் தாத்தாவா?" என்று கத்துவது கேட்டது. பக்கத்து சீட்டு அக்காவாக இருக்க வேண்டும். நீ எவ்வளவு என்று கேட்டேன். அறுபத்தெட்டு என்றாள். முதன்முறையாக, எண்ணுவதற்கு எதையும் தேடவில்லை.

மனைவிதான் தேடினாள். "நூத்துக்கு நாப்பத்தி மூணா? மீதி அம்பத்தி ஏழு எங்க போச்சு? கீரை ஆஞ்சிக்கினே அவ்ளோ கேட்டேனே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அவளே, "சொல்லிட்டு வந்த அத்தினி ஊட்டுக்கும் போய் பாஸுன்னு சொல்லிட்டு வாங்க. ஊரே காத்துக்கினு இருக்குது" என்றாள்.

நூற்று எண்பத்தாறு வீடு. நாளுக்கு எட்டு வீடு, நடந்தே. இந்த முறை கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

நைனா வாசலிலேயே கையை நீட்டினார். அச்செடுத்த ரிசல்ட் தாளைக் கொடுத்தேன். பதிவு எண், தாள் பெயர், மார்க் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு உள்ளே கூட்டிப் போனார். காலண்டருக்குப் பக்கத்தில் எங்கள் பத்திரிகை ஆணியில் மாட்டியிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். என் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்து. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"பேனால அடிச்சா ஆவாது இல்ல, அதான் பென்சிலு" என்றார். மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு ரப்பரை எடுத்துக் கொடுத்தார். "நீயே அழி."

அழித்தேன். தாள் கிழியாமல், மஞ்சள் கலையாமல், பதினாறு தேய்ப்பு. ஊதிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

"லேசாகத் தெரிகிறதே" என்றேன்.

அவர் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினார். "இருந்துட்டுப் போவட்டும் நைனா. நாப்பத்தி மூணு தானே."